தலையீற்று வெள்ளாடும் குட்டியும்: முதல் ஒரு மணி நேரமே முக்கியம்

காவேரிப்பாக்கம் வட்டாரத்தில் ஏரிப் பாசனம் உள்ளவர்கள் நெல்லும் கரும்பும் பயிரிடுகின்றனர். மேட்டு நிலத்தில் வேர்க்கடலை விளைகிறது. நிலம் இல்லாத குடும்பங்களுக்கு இரண்டு மூன்று வெள்ளாடுகளே கையிருப்பு. காலையில் ஏரிக்கரைக்கும் அறுவடை முடிந்த வயலுக்கும் ஓட்டிச் சென்று, மாலையில் வீட்டு வாசலில் கட்டும் இந்த ஆடுகளைப் பெரும்பாலும் பெண்களே பராமரிக்கின்றனர். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நடப்பதால் வளர்ந்த ஆட்டின் இறைச்சிக்கும் விலை உண்டு, தோலுக்கும் விலை உண்டு. பிறந்த அன்றே இறந்துபோகும் குட்டிக்கு இரண்டும் இல்லை. ஐந்து மாதம் சினை ஆட்டுக்கு இட்ட தீவனமும் பட்ட பாடும் வீணாகும்.

இந்த இழப்பு தலையீற்றில்தான் அதிகம் நேருகிறது. முதல் குட்டியைப் பறிகொடுத்த ஆட்டை 'ராசியில்லாத ஆடு' என்று கூறி இறைச்சிக்கு விற்றுவிடுவோரும் உண்டு. இதில் ராசிக்கு இடமில்லை. குட்டி பிறந்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்து, செய்யக் கூடாததைத் தவிர்த்தால் இத்தகைய இழப்பைப் பெருமளவு குறைக்கலாம். தலையீற்றில் தடுமாறிய ஆடே அடுத்த ஈற்றில் நல்ல தாயாக விளங்குவதும் உண்டு.

சினைக்கு விடும் வயதும் பருவமும்

பெட்டைக் குட்டி 6 அல்லது 7 மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஆனால் அப்போதே கிடாவுடன் சேர விடுவது தவறு. இடுப்பெலும்பு போதிய அகலம் அடையாததால் குட்டி வெளிவருவது கடினமாகும். மடியும் வளர்ச்சி பெற்றிராது. ஒரு வயது நிறைந்து, வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு எடை பெற்ற பின்னரே சினைக்கு விட வேண்டும். அதுவரை கிடாக்களைத் தனியே கட்டுவது அவசியம்.

வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். வைகாசி, ஆனி மாதங்களில் சினையான ஆடு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழையில் குட்டி போடும். நனைந்த தரையில் விழும் குட்டி குளிரில் விறைத்துப் போகும். தலையீற்று ஆடுகளையாவது ஆவணி, புரட்டாசியில் சினைக்கு விட்டால் தை, மாசியில் குட்டிகள் பிறக்கும். அப்போது மழை ஓய்ந்திருக்கும். ஏரிப் புறத்தில் பசும்புல்லும், சேமித்து வைத்த கடலைக்கொடியும் கிடைக்கும். தை மாதத்து இரவுப் பனிக்கு மட்டும் மறைப்புக் கட்ட வேண்டும். சினைக்கு விட்ட நாளைச் சுவரிலோ நாட்காட்டியிலோ குறித்து வைப்பது நலம்.

கடைசி ஆறு வாரங்கள்

வயிற்றிலுள்ள குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு முதல் எட்டு வாரங்களில் நடைபெறுகிறது. எனவே இக்காலத்தில் மேய்ச்சலுடன் அகத்தி, சூபாபுல், கடலைக்கொடி ஆகியவற்றை அளிப்பதுடன், நாள்தோறும் 200 முதல் 300 கிராம் அடர்தீவனமும் கொடுக்க வேண்டும். இதைச் சிறுகச் சிறுக உயர்த்துதல் முறையாகும். திடீரென அதிக அளவு தானியம் கொடுத்தால் வயிறு உப்பும், செரிமானம் கெடும்.

குட்டி போடுவதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன் துள்ளுமாரி நோய்க்கும் இரணஜன்னி நோய்க்கும் தடுப்பூசி போடுவது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும். இந்தத் தடுப்பூசிகளால் தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டியைச் சேரும்.

குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஆட்டைத் தொலைவுக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லக் கூடாது. வீட்டருகில் காற்றும் மழையும் அடிக்காத இடத்தில், 5 அடி நீளம் 4 அடி அகலத்தில் ஓர் அறையைத் தட்டியால் மறைத்துக் காய்ந்த வைக்கோல் பரப்ப வேண்டும். சுத்தமான பழந்துணி, டிங்சர் அயோடின், புதிய பிளேடு, கொதிக்க வைத்த நூல், சோப்பு ஆகியவற்றை முன்னதாகவே எடுத்து வைத்தல் நன்று.

ஈனும் அறிகுறிகள்

மடி பருத்துக் காம்புகள் விறைத்து நிற்கும். வாலின் இருபுறமும் உள்ள தசைநார்கள் தளர்ந்து பள்ளம் விழும். ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும். தரையைக் காலால் பறிக்கும். எழுவதும் படுப்பதுமாக இருக்கும். பிறப்புறுப்பிலிருந்து கெட்டியான சளி வடியும். தலையீற்று ஆட்டில் இந்த நிலை பல மணி நேரம் நீடிக்கலாம். இந்த நேரத்தில் கூட்டம் கூடுவதும், நாயை அருகில் விடுவதும், ஆட்டை இடம் மாற்றுவதும் கூடாது. பழகிய ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி அமர்ந்து கவனித்தால் போதும்.

எப்போது உதவ வேண்டும்?

ஆடு முக்கத் தொடங்கியதும் பனிக்குடம் தெரியும். அது உடைந்தபின் இரண்டு முன்னங்கால்களும் அவற்றின்மேல் வைத்தாற்போல் மூக்கும் வெளிவருவதே இயல்பான நிலை. இந்நிலையில் ஆடு தானாகவே ஈன்றுவிடும். மிகவும் களைத்துப்போன ஆட்டுக்கு மட்டும், சோப்பிட்டுக் கழுவிய கைகளால் குட்டியின் இரு கால்களையும் பிடித்து, ஆடு முக்கும்போது மட்டும், ஆட்டின் பின்னங்கால்களை நோக்கிக் கீழ்ப்புறமாக மெல்ல இழுத்து உதவலாம். முக்கல் நின்றால் இழுப்பதையும் நிறுத்த வேண்டும்.

பின்வரும் நிலைகளில் காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்: அரை மணி நேரம் பலமாக முக்கியும் எதுவும் தெரியாதிருத்தல், ஒரு கால் மட்டும் வெளிவருதல், கால்கள் வராமல் தலை மட்டும் வருதல், வால் மட்டும் தெரிதல், இரு குட்டிகளின் கால்கள் ஒன்றாக வருதல், இரத்தம் தொடர்ந்து கொட்டுதல். பழக்கமில்லாதவர் உள்ளே கைவிடுவதும், கயிறு கட்டி இருவர் மூவராக இழுப்பதும் தாயையும் குட்டியையும் ஒருங்கே இழக்கச் செய்யும்.

குட்டி பிறந்தவுடன்

முதலில் குட்டியின் வாயிலும் மூக்கிலும் உள்ள சளியைச் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். மூச்சு விடாத குட்டியின் தலையைச் சிறிது தாழ்த்திப் பிடித்து, விலாப்புறத்தை வைக்கோலால் அழுத்தித் தேய்க்கலாம். மூக்குத் துளையில் வைக்கோல் துரும்பை விட்டுக் கிளறினால் தும்மி மூச்சு விடும்.

தொப்புள்கொடி பெரும்பாலும் தானாகவே அறுந்துவிடும். நீளமாகத் தொங்கினால் வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே புதிய பிளேடால் நறுக்க வேண்டும். பிறகு கொடியின் நுனியை டிங்சர் அயோடினில் தோய்க்க வேண்டும். சாம்பல், சாணம், மண் ஆகியவற்றைத் தடவும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். இரணஜன்னிக் கிருமி உடலுக்குள் நுழைய இதுவே வழியாகும்.

தாயிடமிருந்து பிரிக்கலாகாது

இதன்பின் குட்டியைத் தாயின் முகத்துக்கு அருகில் கிடத்திவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். நல்லெண்ணத்தில் செய்யும் தவறு இங்கேதான் நேருகிறது. குட்டியை வீட்டுக்குள் தூக்கிச் சென்று வெந்நீரில் குளிப்பாட்டித் துடைத்து, அரை நாள் கழித்துத் தாயிடம் விட்டால், தாய் அதை முட்டித் தள்ளுகிறது.

குட்டி பிறப்பு வழியைக் கடந்து வரும்போது தாயின் மூளையில் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அந்த வேளையில் மட்டும் பனிக்குட நீரின் வாசனை ஆட்டுக்குப் பிடித்தமாகிறது. குட்டியை நக்க நக்க அதன் வாசனை தாயின் நினைவில் பதிகிறது. இந்த நாட்டம் நெடுநேரம் நிலைப்பதில்லை. 1964ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி கிளாப்ஃபரும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஈன்றவுடன் ஐந்து நிமிடம் மட்டும் குட்டியுடன் இருந்த ஆடுகள், அதன்பின் ஒன்று முதல் மூன்று மணி நேரம் வரை பிரித்து வைக்கப்பட்டபோதும் குட்டியை ஏற்றுக்கொண்டன. பிறந்த உடனேயே குட்டி பிரிக்கப்பட்ட ஆடுகளில் பெரும்பாலானவை அதே அளவு நேரம் கழித்துத் தம் குட்டியையே ஏற்க மறுத்தன.

பலமுறை ஈன்ற ஆட்டுக்குப் பழக்கம் துணை நிற்கும். தலையீற்று ஆட்டுக்கு அந்தப் பழக்கமும் இல்லை. காலடியில் அசையும் குட்டியைக் கண்டு அது மிரளலாம். எனவே இந்த வாய்ப்பை அதற்கு முழுமையாக விட்டுக்கொடுக்க வேண்டும். ஆடு நக்கத் தயங்கினால் குட்டியின் மேலுள்ள நீரைத் தாயின் மூக்கிலும் வாயிலும் தடவலாம். குட்டியின் முதுகில் சிறிது தவிடு தூவலாம். இரண்டாவது குட்டி பிறக்கும் வேளையில் முதல் குட்டி மிதிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதும் அதைத் தாயின் கண்ணெதிரிலேயே வைத்திருத்தல் அவசியம்.

சீம்பால்: முதல் தடுப்பு மருந்து

வெள்ளாட்டுக் குட்டி வயிற்றில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் பொருட்கள் நஞ்சுக்கொடி வழியே அதற்குச் செல்வதில்லை. அவை சீம்பாலில் மட்டுமே கிடைக்கின்றன. குட்டியின் குடல் அவற்றை முழுமையாக உறிஞ்சும் ஆற்றல் நேரம் ஆக ஆகக் குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே காலையில் பிறந்த குட்டிக்கு மாலையில் கொடுக்கும் சீம்பால் காலையில் கொடுத்ததற்கு ஈடாகாது.

'நஞ்சுக்கொடி விழுந்த பிறகே பால் ஊட்ட வேண்டும்' என்ற நம்பிக்கை பல குட்டிகளின் உயிரைக் குடிக்கிறது. உண்மையில், குட்டி காம்பைச் சப்பும்போது சுரக்கும் ஹார்மோன் கருப்பையைச் சுருங்கச் செய்து கொடி விழவும் உதவுகிறது. சீம்பாலைக் கறந்து கொட்டுவதும் தவறே.

மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் இரண்டு பீச்சுக் கறந்தால் அடைப்பு நீங்கும். குட்டி எழுந்து நிற்க முயலும்போது காம்பருகே கொண்டுசென்று, ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலைக் குடிக்கச் செய்ய வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் தேவை. 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு இது சுமார் 200 மில்லி. தானே குடிக்காத குட்டிக்குக் கறந்து, சுத்தமான புட்டியில் ஊற்றி, நான்கைந்து தடவையாகப் பிரித்து ஊட்டலாம். குட்டியை நிற்க வைத்தே ஊட்ட வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் சென்றுவிடும். தாயிடம் சீம்பால் இல்லையெனில் அன்று ஈன்ற வேறு ஆட்டின் சீம்பாலையும், அதுவும் கிடைக்காதபோது பசுவின் சீம்பாலையும் பயன்படுத்தலாம்.

குட்டியை ஏற்காத ஆடு

தலையீற்று ஆட்டின் மடி வீங்கி வலிப்பதாலேயே பல சமயம் குட்டியை உதைக்கிறது. அத்தகைய ஆட்டின் மடியில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துச் சிறிது பால் கறந்துவிட்டால் வலி குறையும். ஆட்டைச் சுவரோரமாக நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் குட்டியைக் காம்பில் சேர்க்க வேண்டும். இரவிலும் ஒருமுறை விடாமல், நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை இவ்வாறு செய்து வந்தால் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் பெரும்பாலான ஆடுகள் பழகிவிடும். ஆட்டை அடிப்பதால் பயனில்லை. குட்டியைக் கண்டாலே அடிவிழும் என்ற அச்சம்தான் வளரும். தாயையும் குட்டியையும் மட்டும் சிறிய அறையில் இரண்டு மூன்று நாட்கள் தனித்து வைப்பது நல்ல பலன் தரும்.

குட்டி வயிறாரக் குடித்ததா என்பதை எளிதில் அறியலாம். குடித்த குட்டியின் வயிறு உருண்டு தெரியும். கால்களை மடக்கி அமைதியாகத் தூங்கும். பசித்த குட்டி முதுகைக் கூனி நின்று ஓயாமல் கத்தும். பின்னர் கத்தவும் வலுவின்றிச் சுருண்டுவிடும்.

குளிர்ந்துபோன குட்டி

சோர்ந்து கிடக்கும் குட்டியின் வாய்க்குள் சுத்தமான விரலை வைத்துப் பார்க்க வேண்டும். வாய் சில்லென்று இருந்து, விரலைச் சப்பவும் முயலாவிட்டால் குட்டி குளிர்ந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் பால் புகட்டினால் புரையேறி இறக்கும். முதலில் ஈரத்தைத் துடைத்து, கம்பளியிலோ கோணிப்பையிலோ சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளை இருபுறமும் வைத்துச் சூடேற்ற வேண்டும். வாய் கதகதப்பாகி விரலைச் சப்பத் தொடங்கிய பின்னரே சீம்பால் கொடுக்க வேண்டும். கொட்டகைக்குள் புகை மூட்டம் போடுவது குட்டியின் நுரையீரலுக்குக் கேடு.

தாய் ஆட்டின் நலம்

ஈன்ற ஆட்டுக்கு வெல்லம் கரைத்த வெதுவெதுப்பான நீரும் பசுந்தழையும் கொடுக்கலாம். நஞ்சுக்கொடி சில மணி நேரத்தில் தானாக விழும். 12 மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கையால் பிடித்து இழுக்கலாகாது. விழுந்த கொடியை நாய் தின்னாதவாறு ஆழமாகப் புதைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் வரை சிறிது சிவப்பு கலந்த கசிவு இருப்பது இயல்பே. கசிவில் துர்நாற்றம் வீசுதல், காய்ச்சல், தீவனம் எடுக்காமை, மடி சூடாகிக் கல்போல் இறுகுதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். ஆட்டிலிருந்து மனிதருக்குப் பரவும் கருச்சிதைவு நோய் இருப்பதால், ஈற்று பார்ப்பவர்கள் கையுறை அணிவதும் சோப்பிட்டுக் கழுவுவதும் அவசியம். கர்ப்பிணிப் பெண்கள் இவ்வேலையில் ஈடுபடக் கூடாது.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. இரண்டு மூன்று ஆடுகளே உள்ள வீட்டில் ஒரு பெட்டைக் குட்டி பிழைத்தாலும் அடுத்த ஆண்டு அதுவே ஒரு தாய். ஆகவே முதல் ஒரு மணி நேரம் தாயையும் குட்டியையும் பிரிக்காமலும், சீம்பாலைத் தாமதிக்காமலும் காப்பது வளர்ப்போரின் கடமை. அவசர நிலையில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைத்துப் பயன்பெறலாம்.