மோடம் காலத்துத் தமிழ்க் கூட்டம்

கேள்வி: ஃபேஸ்புக் வருவதற்கு முன்பே கணினியில் தமிழில் அரட்டை அடித்ததாக அப்பா சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி ஒருவர், பூச்சோங்

பதில்: தாராளமாக நம்பலாம். 1990களின் பிற்பகுதியில் ஜாரிங், டிஎம்நெட் நிறுவனங்களின் இணைய இணைப்புக்கு மோடம் கீச்சிட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இணையம் தொலைபேசிக் கம்பி வழியே வந்ததால், அந்நேரம் வீட்டுத் தொலைபேசி வேறு யாருக்கும் கிடைக்காது. அதற்கு அம்மாவிடம் திட்டு வாங்காதவர் குறைவு.

மலேசியாவிலிருந்து சிட்னிக்குக் குடிபெயர்ந்த பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் என்ற மின்மடல் குழுதான் அன்றைய பெரிய சந்தி. ஒருவர் எழுதும் மடல் எல்லோர் பெட்டிக்கும் போகும். சுங்கை பட்டாணி மருத்துவர் ஜெயபாரதி வரலாறு எழுதுவார். பின்னாலேயே வாதம் கிளம்பும். யூனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீடு பரவாத காலம். நம்மூர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள் இருந்தால்தான் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் திரையில் வெறும் கிறுக்கல். எழுத்துக் குறியீட்டுக்காக நடந்த சண்டைகளே தனிப் புராணம்!

அரட்டையோடு நிற்கவில்லை. அந்த வட்டத்திலிருந்துதான், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் பிறந்தது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள். இன்றும் இலவசமாகப் படிக்கலாம்.

அப்பாவின் பழைய டிஸ்கெட்டுகள் அலமாரியில் இருந்தால், பழுதாகும் முன் மடல்களை நகலெடுத்து வையுங்கள்.