மருதமுனை: தறியும் குடியும்



மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியில், கல்முனைக்குச் சற்று முன்னே இருப்பது மருதமுனை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்களின் ஊர். வடக்கே பெரியநீலாவணை, தெற்கே பாண்டிருப்பு.

இச்சிற்றூருக்குப் பெயர் தேடித் தந்தது கைத்தறி. சாரன், சேலை, படுக்கை விரிப்பு என நெய்தனர். ஒருவர் தறியில் இருக்க, மற்றவர் நூல் சுற்றுவார்; வீடே தொழிற்சாலை. 1970க்குப் பின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் தறிகள் ஓய்வின்றி ஓடின. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. மலிவான வெளிநாட்டுத் துணியோடு போட்டியிட இயலாமல் பல தறிகள் ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோர வீடுகளையும் உயிர்களையும் வாரிச் சென்றது. ஆயினும் நெசவு முற்றாக மறையவில்லை.

இவ்வூரின் மற்றொரு சொத்து ‘குடி’ முறை. இங்கு பிள்ளைக்குக் குடி தாய்வழியே வரும். மகளுக்கே வீடு கொடுப்பர். மருமகன் அங்கு வந்து வாழ்வார். பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிக்கொரு மரைக்காயர் இருப்பது இக்கரையின் வழக்கம். அயலிலுள்ள இந்துத் தமிழரிடமும் இதே தாய்வழிக் குடிமுறை உண்டு. வழிபாடு வேறாயினும் வாழ்க்கை முறை ஒன்று! பகை மூண்ட ஆண்டுகளில் இரு தரப்பும் மறந்த உண்மை இது.

ஓர் ஊரின் வரலாறு கோட்டையிலும் கல்வெட்டிலும் மட்டுமா இருக்கிறது? உழைக்கும் கையிலும் உறவு முறையிலும் இருக்கிறது. வாங்குவோர் இல்லையேல் தறி நிற்கும். சொல்வோர் இல்லையேல் உறவு மறையும்.

இன்றிரவு உங்கள் பிள்ளைகளை அருகே அழையுங்கள். நம் ஊரில் பாட்டனார் செய்த தொழில் என்ன, அயலவரோடு நமக்குள்ள பொது வழக்கம் என்ன என்று சொல்லிக் கொடுங்கள்.