பசளை போடுமுன் மண்ணைப் பிசைந்து பாருங்கள்



லயத்துக்கு முன்னாலும் பின்னாலும் கிடக்கும் துண்டு நிலத்தில் கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி என்று ஏதாவது போட்டு வளர்ப்பது நம்முடைய மக்களுக்கு இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. வீட்டுக் கறிக்கும் ஆச்சு, மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கும் ஆச்சு. ஆனால் லயம் லயமாகப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று இருக்கிறது. "ஐயா, போன மாசந்தான் பசளை வாங்கிப் போட்டோம். கோவா இன்னும் மஞ்சளாத்தான் நிக்குது. பசளையில கலப்படமா?" என்கிறார்கள்.

பெரும்பாலும் குறை பசளைப் பையில் இல்லை, மண்ணில்தான் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள்ளேயே தடையை எடுத்தும், பசளை பழைய விலைக்குத் திரும்பவில்லை. ஒரு கிலோ பசளை வாங்க எத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அப்படி வாங்கிய பசளை செடிக்குப் போகாமல் கானுக்குப் போனால் அது நம் உழைப்பு போனது மாதிரிதான். அதனால் இந்த இதழில் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் படிப்போம்.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது?

மண் என்றால் வெறும் தூள் என்று நினைக்கக்கூடாது. நல்ல தோட்ட மண்ணை நூறு பங்காகப் பிரித்தால் ஏறக்குறைய 45 பங்கு கல் உடைந்து உண்டான துணிக்கைகள். 25 பங்கு தண்ணீர். 25 பங்கு காற்று. மீதி 5 பங்கு உக்கிய இலை, வேர், சாணி, செத்த பூச்சி, புழு முதலியவை. இதைத்தான் உக்கல் என்கிறோம்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, நல்ல மண்ணில் பாதி வெற்றிடம். அந்த இடத்தில்தான் தண்ணீரும் காற்றும் இருக்கின்றன. செடியின் வேரும் மூச்சு விட வேண்டும். பாத்தியை மிதித்து மிதித்து இறுக்கினால் அந்த இடம் போய்விடும். இரண்டாவது, உக்கல் வெறும் 5 பங்குதான். ஆனால் நம் மலைநாட்டில் அந்த 5 பங்குதான் வேலைக்காரன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று ரகத் துணிக்கைகள்

ஸ்டோரில் தேயிலையைச் சலிக்கும்போது பெரிய ரகம் வேறு, டஸ்ட் வேறு என்று பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணும் அப்படித்தான். அதில் மூன்று ரகம் உண்டு.

மணல்: பெரிய துணிக்கை. விரலால் தேய்த்தால் சரசரக்கும். அளவு 2 மில்லிமீற்றர் முதல் 0.05 மில்லிமீற்றர் வரை.

அடையல்: நடு ரகம். காய்ந்தால் கோதுமை மா மாதிரி வழுவழுப்பாக இருக்கும். 0.05 முதல் 0.002 மில்லிமீற்றர் வரை.

களி: ஆகச் சின்னது. நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் கல்லாகும். 0.002 மில்லிமீற்றருக்கும் குறைவு.

இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியாது. அதனால் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். களித் துணிக்கை ஒரு கடுகு அளவு என்று வைத்தால், அடையலில் பெரியது எலுமிச்சம்பழம் அளவு வரும். மணலில் பெரியது ஆள் உயரத்தை விடப் பெரிய பாறையாக இருக்கும்.

மழை பெய்து ஓய்ந்த பிறகு கானில் வெட்டியிருக்கும் குழியை எட்டிப் பாருங்கள். மணல் அடியில் கிடக்கும். அதன் மேல் அடையல். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய ஆடை மாதிரி களி படிந்து, வெயில் பட்டதும் வெடித்துக் கிடக்கும். பாரமானது முதலில் இறங்குகிறது, லேசானது கடைசியில் இறங்குகிறது.

இந்த மூன்றும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைத்தான் மண்ணின் இழையமைப்பு என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். மூன்றும் அளவாகக் கலந்த மண்ணுக்கு இருவாட்டி மண் என்று பெயர். நூற்றுக்கு 40 மணல், 40 அடையல், 20 களி இருந்தால் அது நல்ல இருவாட்டி.

கையால் பார்க்கும் சோதனை

மேலே கிடக்கும் இலை குப்பையை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்குள் இருந்து ஒரு கைப்பிடி மண் எடுங்கள். கல்லையும் வேரையும் பொறுக்கிப் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து ரொட்டிக்கு மாப் பிசைவது போலப் பிசையுங்கள். பிறகு உருட்டுங்கள்.

உருண்டையே பிடிக்க முடியாமல் உதிர்ந்தால் அது மணல் மண்.

உருண்டை பிடித்தால், அதைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பட்டியாக வெளியே தள்ளுங்கள். பட்டி ஓர் அங்குலம் வருமுன் ஒடிந்தால் இருவாட்டி வகை. ஓர் அங்குலத்துக்கும் இரண்டு அங்குலத்துக்கும் நடுவில் ஒடிந்தால் களி கூடிய இருவாட்டி. இரண்டு அங்குலத்துக்கு மேலும் ஒடியாமல் நீண்டால் களி மண்.

போத்தல் சோதனை

இதைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள். அவர்களுக்குப் பாடமும் ஆகும்.

ஒரு பழைய ஜாம் போத்தலோ ஹோர்லிக்ஸ் போத்தலோ போதும். மருந்தடித்த போத்தல் எதையும் இதற்கு எடுக்க வேண்டாம், கழுவியிருந்தாலும் வேண்டாம். போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி சவர்க்காரத் தூளும் போட்டு மூடுங்கள். கை வலிக்கும்வரை நன்றாகக் குலுக்குங்கள். பிறகு ஆடாத இடத்தில் வையுங்கள்.

ஒரு நிமிடத்தில் மணல் அடியில் படியும். அந்த மட்டத்தில் போத்தலில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் அடையல் படியும். இன்னொரு கோடு. களி படிய ஒரு நாள், சிலவேளை இரண்டு மூன்று நாள் ஆகும். தண்ணீர் தெளிந்ததும் கடைசிக் கோடு. மேலே மிதப்பது உக்கலும் சருகும்.

பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். மொத்தம் 10 சென்ரிமீற்றர், அதில் மணல் 5, அடையல் 2, களி 3 என்று வந்தால், நூற்றுக்கு 50 மணல், 20 அடையல், 30 களி. இது மணலும் களியும் கூடிய இருவாட்டி. மரக்கறிக்கு மோசம் இல்லை. ஆனால் அதற்கு உக்கல் வேண்டும்.

வாங்கிப் போட்ட பசளை எங்கே போகிறது?

டஸ்ட் தேயிலை ஏன் சீக்கிரம் சாயம் இறங்குகிறது? தூளாக இருப்பதால் தண்ணீர் படும் பரப்பு கூட. களியும் அப்படித்தான். துணிக்கை சின்னது, அதனால் மொத்தப் பரப்பு கூட. தண்ணீரும் பசளைச் சத்தும் அந்தப் பரப்பில் ஒட்டி நிற்கும். மணலில் அந்தப் பரப்பு குறைவு. அதனால் தண்ணீர் விறுவிறு என்று இறங்கும், பசளையும் கூடவே இறங்கும்.

"அப்படின்னா நம்ம செம்மண்ணுல களி இருக்கே, பசளை நிக்கணுமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. களியிலும் சாதி உண்டு. மன்னார்ப் பக்கம் முருங்கனில் இருக்கும் கருங்களி, சத்தை இறுக்கிப் பிடித்து வைக்கும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். நம் மலைநாட்டுச் செம்மண் வேறு மாதிரி. காலம் காலமாக மழையில் கழுவப்பட்டு அதன் வலு போய்விட்டது. சிவப்பு நிறம் இரும்புத் துருவின் நிறம். அது வளத்தின் அடையாளம் இல்லை. நம் களிக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு.

அப்போது நம் மண்ணில் சத்தை யார் பிடித்து வைப்பது? உக்கல்தான். மேல் மண்ணில் தெரியும் அந்தக் கறுப்பு நிறம்தான். அது மழையில் ஓடிப்போன இடத்தில் எவ்வளவு யூரியா போட்டாலும் ஒரு பெரிய மழைக்குப் பாதி போய்விடும். கோவா மஞ்சளாக நிற்பதற்கு இது முக்கியமான காரணம்.

மாற்ற முடிந்ததும் முடியாததும்

மண்ணின் இழையமைப்பை நம்மால் மாற்ற முடியாது. களி மண்ணில் மணல் கொட்டினால் சரியாகும் என்று சிலர் ஆற்று மணல் சுமக்கிறார்கள். வேண்டாம். மாற்றம் தெரிய வேண்டுமானால் பாத்தி மண்ணில் பாதிக்கு மணல் வேண்டும். இரண்டு கூடை மணல் போட்டால் களியோடு சேர்ந்து சீமெந்து போல் இறுகும், அவ்வளவுதான்.

நம்மால் மாற்ற முடிந்தது மண்ணின் கட்டமைப்பு. அதாவது துணிக்கைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து நிற்கும் விதம். உக்கல் சேர்ந்த மண், பிட்டு போல உதிரி உதிரியாக நிற்கும். நடுவில் காற்றும் இருக்கும், தண்ணீரும் நிற்கும். மணல் மண்ணுக்கும் களி மண்ணுக்கும் மருந்து ஒன்றுதான், அது கூட்டெரு. மறு நடுகைக்கு முன் தேயிலை மலையில் குவாத்தமாலா புல்லும் மானாப் புல்லும் ஒன்றரை, இரண்டு வருடம் வளர்க்கிறார்களே, அதுவும் மண்ணுக்கு உக்கல் சேர்க்கத்தான்.

மணல் மண் என்றால்: கூட்டெரு போடுங்கள். பசளையை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பாத்தியைப் புல்லாலும் சருகாலும் மூடுங்கள்.

களி மண் என்றால்: கூட்டெரு போடுங்கள். பாத்தியை உயர்த்திப் போடுங்கள். மழை பெய்த கையோடு கொத்தவோ மிதிக்கவோ வேண்டாம். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் குத்துங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

எந்த மண்ணானாலும் பாத்தி சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்ட பாத்தி, கான் வெட்டிவிட்ட மாதிரி. ஓர் அங்குலம் மேல் மண் உண்டாகச் சில நூறு வருடம் ஆகும். அது போக ஒரு மழை போதும்.

தேயிலைக்கு ஏற்றது கோவாவுக்கு ஏற்காது

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை அதற்குப் பிடிக்கும். மரக்கறிகளில் அநேகம் 6 முதல் 6.5 வரை கேட்கும். முன்பு தேயிலை இருந்த இடத்தில் பாத்தி போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹைட்ரேஞ்சியா செடி இருந்தால் அதன் பூவைப் பாருங்கள். நீலமாகப் பூத்தால் மண் புளிப்பு, ரோஸ் நிறமானால் புளிப்பு குறைவு. கோவா வேரில் கழலை போல வீக்கம் வருவதும் புளிப்பு மண்ணில்தான் கூட.

கவ்வாத்து வெட்டும் காலத்தில் மலைக்கு டொலமைட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மரக்கறிப் பாத்திக்கும் அது நல்லது. எவ்வளவு என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் போடுங்கள். யூரியாவையும் டொலமைட்டையும் ஒரே நாளில் போட வேண்டாம், யூரியாவின் சத்து ஆவியாகிப் போகும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். விறகு அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும். ஒரு சதுர யாருக்கு ஒரு கைப்பிடி போதும்.

ஓர் எச்சரிக்கை

பாத்திக்கு நல்ல மண் வேண்டும் என்று லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண் திட்டைக் குடைந்து எடுக்காதீர்கள். துணிக்கைகளுக்கு நடுவில் காற்று இருக்கும் இடம் என்று சொன்னேனே, தொடர் மழையில் அந்த இடம் முழுவதும் தண்ணீர் நிறையும். மண்ணின் பாரம் கூடும், பிடிமானம் குறையும். அடியில் குடைந்த திட்டு அப்போது நிற்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. திட்டில் புது வெடிப்பு, சாய்ந்து போகும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர் ஆகியவற்றைக் கண்டால் உடனே பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வெளியேறுங்கள். வெளியே வந்த பிறகு தோட்டத்து ஒபிசுக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

1. பசளை வாங்குமுன் கைச் சோதனையும் போத்தல் சோதனையும் செய்யுங்கள்.

2. அளவுகளை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் போத்தலில் ஒட்டுங்கள்.

3. பாத்தி சரிவுக்குக் குறுக்கே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அடுத்த நடுகைக்கு முன் திருப்பிப் போடுங்கள்.

4. மரக்கறித் தோல், தேத்தண்ணிச் சக்கை, சாணி, கிளிரிசிடியா இலை, புல் எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவிக்கத் தொடங்குங்கள். பொலித்தீனும் பற்றறியும் அதில் சேரக்கூடாது.

குவித்ததைக் கூட்டெருவாக்குவது எப்படி என்று அடுத்த இதழில் பார்ப்போம். போத்தலைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், போத்தலோடு நலன்புரி அறைக்கு வாருங்கள். சேர்ந்து அளந்து பார்ப்போம்.