செவலையோடு முதியோர் இல்லத்துக்கு

முதியோர் இல்லத்தில் படுக்கையோடு இருப்பவர்களை நாள் முழுக்க யாராவது தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். குளிப்பாட்ட, புரட்டிப் படுக்கவைக்க, பிரஷர் பார்க்க, ஊசி போட. அத்தனையும் வேலைக்கான தொடுதல். எப்போது எழுவது, எந்தச் சேலை கட்டுவது, எத்தனை மணிக்கு விளக்கணைப்பது என்பதையும் பெரும்பாலும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். கோயம்புத்தூரை அடுத்த தொண்டாமுத்தூர்ப் பக்கம் உள்ள ஓர் இல்லத்துக்கு என் நாய் செவலையைக் கூட்டிக்கொண்டு சில வருடங்களாகப் போய்வருகிறேன். பெரியவரிடம் கேட்காமல் நாயை அவர் கட்டிலருகே கொண்டுபோனால், அவருக்காகப் பிறர் எடுக்கும் முடிவுகளில் அதுவும் ஒன்றாகிவிடும். இந்தச் சேவைக்கு வர நினைக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதனால் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். அறை வாசலிலேயே செவலையை என் காலோடு ஒட்டி உட்காரவைத்து, "அப்பாரு, செவலை வந்திருக்குதுங்க. பக்கத்துல வரட்டுங்களா?" என்பேன். போன வாரம் கொஞ்சித் தீர்த்தவர் இந்த வாரம் வேண்டாம் என்பார். மூட்டு வலியாக இருக்கலாம். வருவதாகச் சொன்ன மகன் வராமல் போயிருக்கலாம். காரணம் கேட்கக் கூடாது. "சரிங்க, அடுத்த வாரம் வாறோமுங்க" என்று நகர்ந்துவிட வேண்டும்.

அங்கே ஓர் அம்மாயி இருக்கிறார். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஊட்டுக்குள்ள நாய் வரப்படாது கண்ணு." வேண்டாம் என்கிறவரிடம் எதற்கு மறுபடி மறுபடி கேட்கிறீர்கள் என்றார் பராமரிப்பாளர் ஒருவர். அந்த அம்மாயியின் அறைக்குள் யார் வரலாம், வரக்கூடாது என்று அவரிடம் கேட்பவர்கள் அதிகம் இல்லை. நாங்கள் வரும் நாளில் தலைவாரி, நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் பதிலைச் சொல்வதற்காகவே அவர் காத்திருக்கிறார். அவர் செவலையைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அவரை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போக எனக்கு மனம் வராது.

நாய் என்றாலே சுருங்கிக்கொள்பவர்களைச் சமாதானப்படுத்த முயலாதீர்கள். "ஒண்ணும் செய்யாது" என்ற பேச்சே வேண்டாம். இன்றைக்கு எழுபது, எண்பது வயதில் இருப்பவர்கள், நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலத்தில் வளர்ந்தவர்கள். ஆட்டு மூளைத் திசுவிலிருந்து எடுத்த அந்த மருந்து நம் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்திலும் பல காலம் தயாரானது. இப்போது அது வழக்கில் இல்லை. தடுப்பூசி என்பது தோள்பட்டைக்குக் கீழே போடும் சில ஊசிகள்தான். ஆனால் அந்தப் பழைய வலியைக் கண்ணால் பார்த்தவர்களின் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆசாரம் பார்ப்பவர்கள் இருப்பார்கள். தொழுகைக்கு உளூ செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் மீது நாயின் எச்சில் படக் கூடாது. பூஜை அறை, சமையலறை, சாப்பாட்டுக் கூடம் மூன்றின் பக்கமும் நாங்கள் போவதில்லை.

எந்த நாய் இதற்குப் பொருந்தும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். லேப்ரடார் மாதிரி வெளிநாட்டு நாய்தான் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. செவலை தெருவில் பிறந்தவள். இனத்தைவிடக் குணம்தான் முக்கியம், அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: அந்நியர்களைப் பொறுத்துக்கொள்ளும் நாய் போதாது, அந்நியர்களைக் கண்டால் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும் நாய் வேண்டும். நம் ராஜபாளையம், கோம்பை எல்லாம் அருமையான நாய்கள், ஆனால் காவலுக்குப் பழக்கி வந்த வம்சம். புது ஆளிடம் பொதுவாக எச்சரிக்கையாகவே இருக்கும். ஒரு வயதுகூட ஆகாத குட்டி வேண்டாம். கூட்டிப்போகும் முன் வீட்டில் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். வாக்கரைத் தரையில் இழுத்து நடங்கள். ஒருவரை உரக்க இருமச் சொல்லுங்கள். கைத்தடியை உயர்த்திப் பிடித்தால் என்ன செய்கிறது என்று அவசியம் பாருங்கள். தெருவில் அடிபட்ட நாய்க்குத் தடி என்றால் தடிதான், ஊன்றுகோல் அல்ல.

கிளி, முயல் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முயல் பழகியதாக இருந்தால் சரி, ஆனால் அதைத் தூக்கிக் கை மாற்றிக் கை கொடுப்பது அதற்குப் பெரிய வதை.

இல்ல நிர்வாகிகளில் சிலர் நாயோடு வரும் இந்தச் சேவையைப் பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்று நினைப்பதுண்டு. அவர்களுக்கு நான் இரண்டு செய்திகளைச் சொல்வேன். நாட்பட்ட நோயாளிகளுக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் தம் செவிலியர் பணி பற்றிய நூலில் 1859-லேயே எழுதிவிட்டார். நியூயார்க்கில் குழந்தைகளுக்கான உளவியலாளராக இருந்த போரிஸ் லெவின்சனிடம், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனைக் கூட்டிவந்தார்கள். அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் தற்செயலாக அறையில் இருந்தது. நாய் சிறுவனிடம் ஓடிப்போனது, அவன் பயப்படாமல் அதைத் தடவிக்கொடுத்தான். அதை ஆய்வுரையாக அவர் 1961-இல் அமெரிக்க உளவியலாளர் கூட்டத்தில் முன்வைத்தார். அந்தச் சிறுவனை யாரும் நாயைத் தொடச் சொல்லவில்லை, அவனாகத் தடவிக்கொடுத்தான் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது.

நாய் பக்கத்தில் வந்தபின் நீங்கள் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். காங்கேயம் மாடு வைத்திருந்த அப்பாரு ஒருவர் செவலையைத் தடவிக்கொடுக்கவில்லை. காதைத் திருப்பிப் பார்த்தார், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், முதுகெலும்பு வழியாக விரலை ஓட்டினார். சந்தையில் மாடு பிடித்த கை. பிறகுதான் பேசத் தொடங்கினார். "காங்கேயங் கன்னு பொறக்கறப்ப இதாட்டத்தான் செவப்பா இருக்கும். ஆறு மாசத்துல வெளுத்துரும்." அன்று முழுக்க மாட்டுப் பேச்சுதான். நாயைப் பற்றியே பேச வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் அவருடைய பட்டியும் தொழுவமும் எனக்குக் கிடைத்திருக்காது. மறதி நோய் உள்ள ஆத்தா ஒருவர் செவலையை "மணி" என்றே கூப்பிடுவார். திருத்துவதில்லை. மணி என்றால் செவலை வாலாட்டுகிறாள், ஆத்தா தோட்டத்துச் சாளையில் காவல் இருந்த மணியின் கதையைச் சொல்கிறார்.

நாயும் வேண்டாம் என்று சொல்லும். அதற்கு வாய் இல்லாததால் உடம்பால் சொல்லும். அதைப் படிப்பதுதான் கூட்டிப்போகிறவரின் முழுநேர வேலை. தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, எதுவும் தின்னாமல் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வெயில் இல்லாமல் மூச்சிரைப்பது, வாலை இடுக்குவது. இதில் ஏதாவது ஒன்று தொடர்ந்து தெரிந்தால் வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் வையுங்கள். திரும்ப உள்ளே வரத் தயங்கினால் அன்றைக்கு வேலை முடிந்தது, இன்னும் நான்கு அறை மீதி இருந்தாலும். செவலைக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு. கட்டிப்பிடிப்பது மனிதர்களுக்குப் பாசம், நாய்களில் பலவற்றுக்கு அது இறுக்கம். யாராவது கழுத்தைச் சுற்றிக் கை போட வந்தால் "நெஞ்சுல தடவுங்க, அதுக்கு அதுதான் பிடிக்கும்" என்று கையை மெதுவாக வழிநடத்துவேன். உறுமும் நாயை அதட்டாதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அதட்டி அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி விழும்.

உடல்நல விஷயங்களில் தளர்வே கூடாது. வெறிநாய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் போட்டு, சான்றின் நகலை இல்லத்தில் கொடுத்துவிட வேண்டும். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும் என்பதால் அதற்கான தடுப்பூசியும் உண்டு. குடற்புழு மருந்து, உண்ணி மருந்து தவறக் கூடாது. முந்தின நாள் குளிப்பாட்டி நன்றாகக் காயவைத்து, நகத்தை வெட்டுவதோடு நிறுத்தாமல் முனையை அரத்தால் தேய்த்துவிடுங்கள். வயதானவர்களின் தோல் மெலிந்து கிடக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்குச் சிறு கீறலும் நிற்காமல் கசியும். ஆறாத புண், குழாய் பொருத்தியவர்கள் யார் யார் என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாயைத் தொடும் முன்னும் பின்னும் எல்லாரும் கை சுத்தம் செய்ய வேண்டும், நீங்களும்தான். வயிற்றுப்போக்கோ சொறியோ இருந்தால் நாய்க்கு அன்று விடுப்பு.

தீனி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. நாளெல்லாம் பிறர் ஊட்ட உண்பவர்களுக்கு, தம் கையால் ஓர் உயிருக்கு ஊட்டுவது பெரிய நிறைவு. தேநீரோடு வந்த பிஸ்கட்டைச் செவலைக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். அதை மறுத்தால் முகம் வாடிவிடும். நான் வேகவைத்த பூசணித் துண்டுகளை ஒரு டப்பாவில் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். சைவ உணவு மட்டும் உள்ள இல்லத்திலும் அதற்கு ஆட்சேபம் வராது. பண்டிகை நாட்களில் கண்ணை எடுக்காதீர்கள். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வடையில் வெங்காயம் இருக்கும், அதுவும் ஆகாது. சாக்லேட்டும் அப்படித்தான்.

கட்டில் காலியாக இருக்கும் வாரங்கள் வரும். அறைக்குள் நுழைந்து பார்த்துத் தெரிந்துகொள்வது உங்களுக்கும் கடினம், பக்கத்துக் கட்டில்காரருக்கும் கடினம். வந்ததும் முதலில் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். செவலை பழக்கத்தில் அந்தக் கட்டிலுக்கே போய் நிற்பாள். நானும் அவசரப்படுத்தாமல் நிற்பேன். பக்கத்துக் கட்டில்காரர் பேச நினைத்தால் பேசுவார்.

குறைந்தது ஆறு மாதம், ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் வர முடியும் என்றால் மட்டும் தொடங்குங்கள். பிறந்தநாளுக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொண்டு போவதைவிட வராமலே இருப்பது மேல். வர முடியாத வாரம் இல்லத்துக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்று மணிக்கே நாற்காலியை வாசலுக்குத் தள்ளச் சொல்லி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த மாலை வீணாகும். செவலைக்கும் வயதாகிறது, மொசைக் தரையில் பின்னங்கால் வழுக்குகிறது. அவள் படுக்க ரப்பர் விரிப்பு ஒன்று எடுத்துப்போகிறேன். அவள் ஓய்வெடுக்கும் காலம் வரும் என்பதை இப்போதே பெரியவர்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டேன். தோழி ஒருத்தி வளர்க்கும் இரண்டு வயது நாயையும் கூடவே கூட்டிப்போய்ப் பழக்கிவருகிறோம். மாட்டுக்கார அப்பாரு அதன் பல்லையும் பார்த்தாகிவிட்டது. "இது தேறுமுங்க, ஆனா காலுல வேகம் சாஸ்தி, இன்னும் ஒரு வருசம் போகட்டும்" என்றார். அவர் சொன்னபடி ஒரு வருடம் பொறுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.