விரல்நுனியில் 98, கட்டிக்குள் எவ்வளவு?

ராயகிரி, சிவகிரிப் பகுதியிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ சென்றுவரும் குடும்பங்கள் பலவற்றில், கொரோனாக் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்றும் இருக்கிறது. விரலில் மாட்டினால் 98 காட்டுகிறது. “ஆக்சிஜன் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் இரத்தம் ஏற்றச் சொல்கிறார்கள்?” என்று உறவினர் கேட்பது நியாயமே.

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமந்துள்ளது என்பதை மட்டுமே அக்கருவி காட்டும். ஹீமோகுளோபின் 7 கிராமாகக் குறைந்தவருக்கும் 98 காட்டலாம். பீடி, சிகரெட் புகைப்பவரிடம் அது மேலும் ஏமாறும். ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்ட கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும்.

குளத்தில் நீர் இருந்தும் கடைமடை வயல் காய்வதை நாம் அறிவோம். புற்றுக்கட்டியின் உட்புறம் அத்தகைய கடைமடை. 1955இல் இங்கிலாந்தில் தாம்லின்சன், கிரே ஆகிய இருவரும் மனித நுரையீரல் புற்றுத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். இரத்தக் குழாய்களிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தொலைவுக்குள்ளாகவே ஆக்சிஜன் தீர்ந்து, அதற்கப்பால் செல்கள் மடிந்து கிடந்தன. மடிந்தவற்றால் தொல்லையில்லை. அந்த எல்லையில் குறை ஆக்சிஜனுடன் பிழைத்திருக்கும் செல்களே சிக்கல். அவற்றை அழிக்க இரண்டரை முதல் மூன்று மடங்குவரை கதிர்வீச்சு தேவைப்படும்.

இக்குறைபாட்டை நேரடியாக அளக்க, நுண்ணிய மின்முனை கொண்ட ஊசியைக் கட்டிக்குள் படிப்படியாகச் செலுத்தினர். ஜெர்மனியின் மைன்ஸ் நகர மருத்துவர்கள் கருப்பை வாய்ப் புற்றுநோயில் இவ்வாறு அளந்து 1996இல் முடிவுகளை வெளியிட்டனர். நலமான கருப்பை வாயில் ஆக்சிஜன் அழுத்தம் 40 மி.மீ. பாதரசத்தை ஒட்டியிருக்கும். கட்டியில் அதன் நடு அளவு 10க்குக் கீழே இருந்த பெண்களுக்கு, அறுவை செய்தாலும் கதிர்வீச்சு அளித்தாலும், நோயின் போக்கு மோசமாகவே இருந்தது.

ஊசி எட்டாத கட்டிகளுக்கு வேறு வழி உண்டு. ஃபுளோரோமிசோனிடசோல் என்னும் மருந்தைச் செலுத்திச் சுமார் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்துப் பெட் ஸ்கேன் எடுத்தால், ஆக்சிஜன் குறைந்த பகுதிகள் ஒளிரும். வழக்கமான பெட் ஸ்கேன் சர்க்கரையைப் பின்தொடர்வது. அதில் இது தெரியாது. இவ்வளவீடுகள் பெரும்பாலும் ஆய்வுகளிலேயே நடைபெறுகின்றன. ஆகவே தம் மருத்துவமனையில் செய்யவில்லையே என்று யாரும் கலங்க வேண்டியதில்லை.

வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைப்பதும் இதற்குத் தீர்வாகாது. சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே ஏறத்தாழ நிறைந்திருக்கிறது. குறைவது ஹீமோகுளோபின் என்றால் அதைக் கவனிக்க வேண்டும். அதற்காகவே இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. இரத்தம் ஏற்றினால் எல்லாருடைய கட்டியிலும் ஆக்சிஜன் உயர்ந்துவிடும் என்று உறுதி கூற இயலாது. யாருக்கு, எப்போது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். புகைப்பதை நிறுத்துவது மட்டும் இன்றே நம் கையில் உள்ளது.

கதிர்வீச்சைச் சிறுசிறு அளவாகப் பல வாரம் தருவதற்கும் இதில் ஒரு காரணம் உண்டு. ஆக்சிஜன் பெற்ற செல்கள் முதலில் மடிய, உள்ளிருப்பவற்றுக்கு ஆக்சிஜன் எட்டுகிறது. அடுத்த நாள் கதிர் அவற்றையும் தாக்குகிறது. இடையில் நாள் விட்டால் எஞ்சிய செல்கள் மீண்டும் பெருகும். கோயில் கொடைக்காக இரண்டு நாள் விடலாமா என்று கேட்போர் உண்டு. தாமே முடிவு செய்யாமல் தேதியை முன்கூட்டியே கூறினால், அந்நாள்களை ஈடுசெய்ய வழியுண்டா என்று மருத்துவர் பார்ப்பார்.