கல்லாக் கணக்கில் வராத செலவு

மகாராஜபுரத்தில் காலை பஸ் ஏறுகிறீர்கள். பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடையில் "வாங்கக்கா, என்ன பார்க்கணும்?" என்று சிரிக்கிறீர்கள். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். முப்பது சேலை விரித்த பிறகு, "அப்புறம் வர்றோம்" என்று அந்தக் குடும்பம் எழுந்து போகிறது. முகம் சுளிக்காமல் மடித்து அடுக்குகிறீர்கள். ராத்திரி வீட்டில், சிந்திய ஒரு டம்ளர் தண்ணீருக்காகப் பிள்ளைமேல் எரிந்து விழுகிறீர்கள். அது கடையில் விழுங்கிய கோபம்.

பால்கோவா கடை, ஆஸ்பத்திரி வரவேற்பு, ராஜபாளையத்து மில் ஆபீஸ் என எங்கும் இதே கதைதான். கை வலித்தால் தைலம் தேய்க்கிறோம். சிரித்துச் சிரித்து மனசு ஓய்ந்தால் அதை வேலையாகவே எண்ணுவதில்லை.

அதுவும் வேலைதான் என்றார் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் 'தி மேனேஜ்டு ஹார்ட்' என்ற நூலை எழுதினார். எரிச்சலை உள்ளே வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் மாற்றுவது ஒரு வகை; எதிரில் நிற்பவர் நிலையை எண்ணி மனசையே இளக்கிக்கொள்வது இன்னொரு வகை. முதல் வகைதான் ஆளை அதிகம் ஓய்த்துவிடுகிறது என்று பின்னால் வந்த பல ஆய்வுகள் சொல்கின்றன.

என்ன செய்யலாம்?

முதலிலேயே சொல்லிவிடுங்கள். "அண்ணாச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல். இன்னிக்கு மட்டும் பில் போடுற இடத்துல நிக்கட்டுமா?" காரணமும் தேவையும் சேர்ந்து வந்தால் அது புலம்பலாகக் கேட்காது.

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பாருங்கள். சேலை எடுக்காமல் போனவர் கையில் பணம் போதாமல் இருந்திருக்கலாம். அப்படி நினைத்தால் பாதிச் சூடு தணியும்.

உட்காருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கால் வலியோடு சிரிப்பது இரட்டைச் சுமை.

பஸ்ஸிலேயே இறக்கி வையுங்கள். வீடு திரும்பும் அந்த நேரம் உங்களுடையது. கூட வேலை பார்க்கும் தோழியிடம் அன்றைய எரிச்சலைக் கொட்டிவிடுங்கள். போனை அப்புறம் பார்க்கலாம்.

அவமானத்தை விழுங்காதீர்கள். பேரம் பேசுவது வேறு, வசை பாடுவது வேறு. வசை வந்தால் ஒதுங்கி மேலாளரைக் கூப்பிடுங்கள். பாலியல் சீண்டல் என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது: பத்துப் பேருக்குக் குறையாத இடத்தில் உள்புகார்க் குழு, மற்றவர்களுக்கு மாவட்ட அளவிலான குழு.

தூக்கமில்லாமல் இரண்டு வாரம் ஓடினால், 14416ஐ அழையுங்கள். அரசின் டெலிமனாஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை: திட்டு வாங்கிய ஊழியரை உடனே அடுத்த வாடிக்கையாளரிடம் அனுப்பாதீர்கள். ஒரு டீ குடிக்கும் நேரம் கொடுங்கள். தென்கொரியா, வாடிக்கையாளரிடம் வசை வாங்கும் ஊழியரைக் காக்கும் பொறுப்பை 2018இல் முதலாளிமேல் சட்டமாகவே வைத்தது. இங்கே ஒரு டீயிலிருந்து தொடங்கலாம்.

கடைக்குக் கொடுக்கிற சிரிப்பில் கொஞ்சம் மிச்சம் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள். காய்ச்சலோடு காத்திருக்கிற பிள்ளைக்கு அது வேண்டும்.