கடல் கடந்த கடை: அமெரிக்கக் கட்டுமானப் பொருள் சந்தை

கடல் வாணிகம் நம் நாட்டிற்குப் புதியதன்று. எனினும், கப்பல் ஏறாமலும் அயல்நாட்டில் கடை திறவாமலும், கணிப்பொறி வழியே பொருளைக் காட்டி விற்பது அண்மைக் காலத்து முறையாகும். அமேசான் நிறுவனம் இந்திய விற்பனையாளர் வெளிநாடுகளில் விற்பதற்கான திட்டத்தை 2015ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் பின்னர், சிறு முதலுடைய குடும்பங்களும் இத்துறையில் நாட்டம் கொண்டுள்ளன. "அமெரிக்காவில் வீடு கட்டுகிறார்கள், ஆகவே வீட்டுப் பொருள் விற்கும்" என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. இவ்வெண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியை அறியாது குடும்பச் சேமிப்பைப் பெட்டிகளில் அடைத்து அனுப்பலாகாது. அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

தேவை பிறக்கும் இடம்

அமெரிக்காவில் வீட்டுத் தேவை வட்டி விகிதத்தோடு பிணைந்தது. அங்குப் பெரும்பாலோர் 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்குகின்றனர். அக்கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 விழுக்காடாக இருந்தது. 2023 அக்டோபரில் 7.79 விழுக்காட்டைத் தொட்டது. குறைந்த வட்டியில் கடன் பெற்றவர் தம் வீட்டை விற்று இடம் பெயர மனங்கொள்ளார். ஆதலின், 2023இல் பழைய வீடுகளின் விற்பனை 1995க்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவிற்குச் சென்றது.

புதுவீடுகளின் நிலையும் ஏற்ற இறக்கம் உடையதே. 2005இல் ஏறத்தாழ 20 இலட்சத்து 70 ஆயிரம் வீடுகளின் கட்டுமானம் தொடங்கியது. 2009இல் அது 5 இலட்சத்து 54 ஆயிரமாகச் சுருங்கியது. நான்கே ஆண்டுகளில் நேர்ந்த வீழ்ச்சி இது. ஆகவே புதுவீட்டை மட்டும் நம்பிய வாணிகம் ஒரே அலையில் கவிழக்கூடும். தேய்ந்த குழாய், உடைந்த கைப்பிடி, பழுதான பூட்டு ஆகியவற்றை மாற்றும் தேவையோ எக்காலத்தும் ஓரளவு நிலைத்திருக்கும். சிறு விற்பனையாளர் நாட வேண்டியது இத்தகைய தேவையையே.

அளவும் தரமும்

தேவை இருப்பது வேறு. நம் பொருள் அங்குப் பொருந்துவது வேறு. அமெரிக்காவில் அளவுகள் அங்குலத்திலும் அடியிலும் வழங்குகின்றன. அங்குள்ள குழாய் மரை 60 பாகைக் கோணத்தில் வெட்டப்படுவது. நம் நாட்டில் வழங்கும் பிரிட்டிஷ் முறை மரை 55 பாகை. முன்னதில் பின்னதைத் திருகினால் சில சுற்று ஏறுவதுபோல் தோன்றும். பின்னர் நீர் கசியும். கசிந்த பொருள் திரும்பி வரும்.

மேலும், குடிநீர் செல்லும் குழாய்ப் பொருள்களில், நீர் படும் பகுதிகளின் சராசரி ஈய அளவு 0.25 விழுக்காட்டிற்கு மிகாதிருத்தல் வேண்டும் என்னும் சட்டம் 2014 ஜனவரி முதல் அங்கு நடைமுறையில் உள்ளது. ஜாம்நகரில் பித்தளைப் பொருள் வாங்கி விற்க முற்படுவோர், பளபளப்பைக் கண்டு மயங்காமல் சோதனைச் சான்றினைக் கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது. இது இலாபக் கணக்கு மட்டுமன்று. அந்நீரை அருந்தும் குழந்தைகளின் நலமும் ஆகும்.

எடைக் கணக்கு

ஒரு சதுர மீட்டர் தள ஓடு ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ளது. இத்தகைய பொருள் மோர்பி ஆலைகளிலிருந்து கப்பற்பெட்டிகளில் மொத்தமாகச் செல்வதற்கே உரியது. தனி வாடிக்கையாளருக்கு அஞ்சலில் அனுப்ப இயலாது. அலிகர் பூட்டு, கைப்பிடி, கொக்கி போன்றவை சிறியவை. விலைக்கேற்ற எடை உடையவை.

எடை குறைந்த பொருளிலும் ஒரு கண்ணி உண்டு. கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000ஆல் வகுத்து வரும் எண்ணையும் எடையாகக் கொள்ளும். 60, 40, 30 சென்டிமீட்டர் கொண்ட பெட்டியில் 3 கிலோ விளக்குக் கூடு இருப்பினும், 14.4 கிலோவிற்கே கட்டணம் செலுத்த வேண்டும்.

சுங்கத்தின் கதவு

2016 முதல், 800 டாலருக்கு மேற்படாத பொதிகள் அமெரிக்காவிற்குள் சுங்கவரியின்றிச் சென்றன. சிறு விற்பனையாளரின் இலாபம் பெரிதும் இச்சலுகையையே சார்ந்திருந்தது. 2025 ஆகஸ்டு 29 அன்று எல்லா நாடுகளுக்கும் அது நிறுத்தப்பட்டது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டமும் வாணிகப் பொதிகளுக்கான இச்சலுகையை 2027 ஜூலை 1 முதல் நீக்குகிறது. எஃகு, அலுமினியம் மீதான கூடுதல் வரி 2025 மார்ச்சில் 25 விழுக்காடாகவும், ஜூனில் பெரும்பாலான நாடுகளுக்கு 50 விழுக்காடாகவும் ஆயிற்று. விலை குறிக்கும் நாளில் இருந்த வரி, பொருள் கரை சேரும் நாளில் இராமற் போகலாம் என்பதற்கு இதுவே சான்று.

பிறர் இழப்பால் வரும் வாய்ப்பும் நிலையற்றதே. சமையல் மேடைக்குரிய செயற்கைக் குவார்ட்ஸ் பலகைக்கு 2019இல் சீனா மீது தண்டவரி விதிக்கப்பட்டது. வாங்குவோர் இந்தியா பக்கம் திரும்பினர். 2020இல் இந்தியப் பலகைக்கும் வரி வந்தது.

தொடங்குமுன் செய்ய வேண்டுவன

முதலாவது, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெறுதல். இரண்டாவது, பொருளின் சுங்கத் தலைப்பெண்ணை அறிதல். பூட்டு 8301, கதவுக் கைப்பிடி 8302, குழாய்த் திறப்பு 8481 என்னும் தலைப்புகளில் அடங்கும். இதனை அறிந்தாலன்றி வரியை அறிய இயலாது. மூன்றாவது, அங்கு வரி செலுத்தும் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் உறுதி செய்தல். நான்காவது, திரும்பி வரும் பொருளின் செலவையும் விலையில் சேர்த்தல். பல வேளைகளில் திருப்பி அனுப்பும் கூலி பொருளின் விலையையே விஞ்சும். ஐந்தாவது, ஒரே வகைப் பொருளைச் சிறு அளவில் அனுப்பிப் பார்த்தல்.

நகையை அடகு வைத்து முதல் திரட்டுவது இவ்வாணிகத்திற்கு ஏற்றதன்று. வரியோ வட்டியோ மாறி, பொருள் தேங்கிக் கிடக்கும் மாதங்களிலும் அடகுக் கடையின் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இழந்தாலும் இல்லம் தளராத அளவிற்கே முதல் இடுக. பொருளின் குறையை மறைக்காது எழுதுக. கடல் கடந்த வாடிக்கையாளர் நம் முகத்தை அறியார். நாம் எழுதிய சொல்லையும் அனுப்பிய பொருளையும் கொண்டே நம்மை அறிவர்.